பக்கத்து வீட்டுக் கூரையைப் பிரிக்கும்போது

மழை ஓய்ந்து தீபாவளியும் கழிந்தால் யாங்கோன் நகரத்துக் கூரைகளுக்கு வேலைக்காலம். அப்போதிலிருந்து சித்திரைப் பிறப்பு வரை, அனோரதா சாலைக்கும் மகாபந்தூலா சாலைக்கும் இடைப்பட்ட குறுக்குத் தெருக்களில் எங்காவது ஒரு கட்டடத்தின் உச்சியில் சாரம் கட்டியிருக்கும். துருப்பிடித்த தகடுகள் கயிற்றில் இறங்கிக்கொண்டிருக்கும். ஒழுகும் கூரையை மாற்றுவது நல்ல காரியம், அதை யாரும் தடுக்கக் கூடாது. ஆனால் இந்த நகரத்தின் பழைய தெருக்களில் எந்தக் கூரையும் தனியாக நிற்பதில்லை. ஒருவர் தம் கூரையைப் பிரிக்கும் நாளில், இரண்டு பக்கமும் ஒட்டியிருப்பவர்களின் சுவரும் சேர்ந்தே திறக்கிறது. இது அவர்களுக்குப் பெரும்பாலும் சுத்தியல் சத்தம் கேட்டபிறகுதான் தெரிகிறது. முதல் ஆணியைப் பிடுங்கும் முன்பே பக்கத்து வீட்டாரோடு எழுத்தில் ஓர் உடன்பாடு இருக்க வேண்டும் என்பதும், அவர்களுடைய வீட்டைக் காக்கும் பொறுப்பும் செலவும் கூரையைப் பிரிப்பவரையே சேர வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

வீடுகள் இப்படி ஒட்டிக்கொண்டதற்கு வரலாறு இருக்கிறது. 1852இல் இரண்டாம் ஆங்கில – பர்மியப் போரில், அன்று ரங்கூன் எனப்பட்ட இந்த நகரத்தைப் பிடித்த ஆங்கிலேயர்கள், மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமெரி போட்ட தொடக்கத் திட்டத்தை ராணுவப் பொறியாளர் அலெக்சாண்டர் ஃபிரேசரைக் கொண்டு திருத்தி, ஆற்றங்கரையில் நேர்கோட்டுத் தெருக்களாக நகரை வகுத்தார்கள். இன்றைய அனோரதா சாலைக்கு அந்நாளில் ஃபிரேசர் தெரு என்றே பெயர். போஜோ ஆங் சான் சாலைக்கு மாண்ட்கோமெரி தெரு என்று பெயர். குறுக்குத் தெருக்களில் மனைகள் முகப்புக் குறுகி நீளம் மிகுந்தவையாகப் பிரிக்கப்பட்டன. இன்றும் யாங்கோனில் அறை என்று சொன்னால் 12.5 அடி அகலம், 50 அடி நீளம் என்பதுதான் பலருக்கு நினைவுக்கு வரும் அளவு. அத்தனை குறுகிய மனையில் ஒவ்வொருவரும் தனித்தனிச் சுவர் எழுப்பினால் குடியிருக்க இடம் மிஞ்சாது. ஆகவே இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரே பொதுச்சுவர்.

அந்தச் சுவர்களில் நம்மவர்களின் உழைப்பும் முதலும் நிறையவே இருக்கின்றன. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ரங்கூனின் மக்கள்தொகை சுமார் 4 லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஷ்வே பொந்தா தெரு முன்பு மொகல் தெருவாக இருந்தபோது அங்கே செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. 1871இல் எழுந்த காளியம்மன் கோயிலும், சோழியா முஸ்லிம்களின் தர்கா பள்ளிவாசலும் இன்றும் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் நிற்கின்றன. தமிழ்க் குடும்பங்கள் பல இன்றைக்கும் இந்தத் தெருக்களில், நூறு வயது தாண்டிய கட்டடங்களின் மேல்மாடிகளில் குடியிருக்கின்றன. எனவே இது யாருடைய ஊர்ப் பிரச்சினையோ அல்ல.

பொதுச்சுவருக்கும் கூரைக்கும் உள்ள தொடர்பைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சேதம் நடக்கும் இடம் அதுதான். பழைய கட்டடத்தில் உத்திரங்களும் கைமரங்களும் சுவரில் விடப்பட்ட குழிகளில் முனை பதிந்து உட்கார்ந்திருக்கும். இந்தப் பக்கத்துக் குழிக்கும் அந்தப் பக்கத்துக் குழிக்கும் நடுவில் சில இடங்களில் அரைச் செங்கல் கனம்தான் மிஞ்சும். அந்தச் செங்கல்லைப் பிடித்திருப்பது சுண்ணாம்புக் காரை. நூறு ஆண்டு மழையில் ஊறி, விரலால் நிமிண்டினாலே மாவாக உதிரும் நிலையில் அது இருக்கும். பழைய கைமரத்தைக் கடப்பாரையால் நெம்பி எடுக்கும்போது மரத்தோடு சேர்ந்து குழியின் விளிம்பும் வரும். மேலே உள்ள இரண்டு வரிசைச் செங்கல் தளரும். நெம்புகிறவருக்கு அந்தப் பக்கம் நம் உத்திரத்தின் முனை இருப்பது தெரியாது. யாராவது முன்பே சொல்லியிருந்தால்தானே தெரியும்?

அதற்கு மேலே, இரண்டு கூரைகளுக்கும் நடுவே எழும் கைப்பிடிச்சுவர். லண்டனில் 18ஆம் நூற்றாண்டுக் கட்டடச் சட்டங்கள், பொதுச்சுவரைக் கூரைக்கு மேலேயும் உயர்த்த வேண்டும் என்று விதித்தன. ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த கூரைக்குத் தாவக் கூடாது என்பதே நோக்கம். காலனி நகரங்களுக்கும் அந்தப் பழக்கம் வந்தது. ஆனால் தீயைத் தடுக்கும் அந்தச் சுவரே மழைக்கு வாசலாகவும் ஆகிறது. கூரைத் தகடு சுவரைத் தொடும் இடத்தில் ஓர் இடைவெளி இருந்தே தீரும். அதை மூடுவதற்காகச் சுவரில் காடி வெட்டி, ஒரு மடக்குத் தகட்டின் மேல்விளிம்பை அதில் சொருகி, காரை பூசி, கீழ்விளிம்பைக் கூரைமேல் இறக்கிவிடுவார்கள். நம் பக்கத்துத் தகட்டுக்கும் அவர்கள் பக்கத்துத் தகட்டுக்கும் காடி ஒரே சுவரில்தான். சில கட்டடங்களில் ஒரே தகடு சுவரின் தலையை மூடி இரண்டு பக்கமும் இறங்கும். அதைக் கழற்றிவிட்டால் சுவரின் தலை மொட்டையாகி, நேராக மழை குடிக்கும். நடுவில் சுவரே எழாமல் இரண்டு சாய்வுக் கூரைகள் சந்திக்கும் இடமானால் அங்கே கூடல்வாய். இரண்டு வீட்டுத் தண்ணீரும் ஒரே வாய்க்கால் தகட்டில் ஓடும்.

ஓடும் தண்ணீர் எவ்வளவு? யாங்கோனில் ஆண்டு மழை சுமார் 2,700 மில்லிமீட்டர், சென்னையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி மே மாதத்துக்கும் அக்டோபருக்கும் இடையிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. 12.5 அடிக்கு 50 அடிக் கூரை என்றால் 625 சதுர அடி. ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால் அந்தச் சின்னக் கூரையில் விழுவது 5,800 லிட்டர். இதில் நூறில் ஒரு பங்கு வழி தவறினாலும் ஐம்பத்தெட்டு லிட்டர் தண்ணீர் ஒருவர் வீட்டு மேற்கூரைப் பலகைக்குள் இறங்கும்.

எங்கள் தெருவில் ஒரு மேல்மாடி வீட்டில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒட்டியிருந்த கட்டடத்தில் பழைய ஓட்டைக் கழற்றித் தகடு போட்டு முடித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. முதல் பெருமழையில் அந்த வீட்டாரின் கூடத்து நடுவில், பொதுச்சுவரிலிருந்து பத்தடி தள்ளி, சாமி படங்கள் வைத்திருந்த பலகைக்கு நேர்மேலே சொட்டத் தொடங்கியது. அந்த வீட்டு அம்மா தம் கூரையில்தான் ஓட்டை என்று எண்ணி ஆளை ஏற்றிப் பார்த்தார். தகட்டில் ஒரு துளையும் இல்லை. பிறகு மேற்கூரைப் பலகை இரண்டைக் கழற்றி டார்ச் அடித்தபோதுதான் விஷயம் விளங்கியது. பக்கத்துக் கட்டடத்தில் பிடுங்கிய கைமரத்தின் குழி மூடப்படாமல் இருந்தது. தண்ணீர் அதன் வழியே புகுந்து, இவர்களுடைய உத்திரத்தின் மேல்முகத்திலேயே ஓடிவந்து, மரத்தில் ஒரு முடிச்சு இருந்த இடத்தில் தடைப்பட்டுச் சொட்டியிருக்கிறது. உத்திரத்தின் முனையில் விரலை வைத்தால் ஊறிய ரொட்டியாக அமுங்கியது. பக்கத்து வீட்டுக்காரரோ நல்ல மனிதர்தான். “எங்க பக்கம் ஒரு சொட்டும் ஒழுகலையே அக்கா, உங்க மரம் பழசு” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பக்கம் உண்மையிலேயே ஒழுகவில்லை. அந்த மரம் வேலைக்கு முன்பு எப்படி இருந்தது என்று காட்ட இந்த அம்மாவிடம் ஒரு படமும் இல்லை. வழக்கு அதோடு நின்றது. செலவு முழுவதும் அவர் தலையில் விழுந்தது.

பெரும்பாலான பக்கத்து வீட்டுத் தகராறுகள் இந்த இடத்தில்தான் சிக்குகின்றன. கெட்ட எண்ணம் கொண்டவர்கள் குறைவு. முன்பு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லாததுதான் உண்மையான சிக்கல்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூரை வேலைக்கு உகந்த மாதங்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஆனால் பணம் திரட்டி, சாமான் விலை பேசி, மேஸ்திரி கிடைத்து வேலை தொடங்குவதற்குள் பலருக்கு மார்ச் கடைசி ஆகிவிடுகிறது. அப்போதுதான் ஆபத்து. ஏப்ரல் நடுவில் திஞ்சான் வருகிறது. தண்ணீர்த் திருவிழாவுக்கு வேலையாட்கள் ஐராவதி வட்டாரத்துக்கும் பகோவுக்கும் ஊர் திரும்பிவிடுவார்கள். விடுமுறை முடிந்தும் எல்லோரும் உடனே திரும்புவதில்லை. பாதி பிரித்த கூரை தார்ப்பாயின் தயவில் கிடக்கும். அந்த இடைவெளியில்தான் கோடை இடிமழை வரும்; வருவதற்குமுன் காற்று வரும்; காற்று முதலில் தார்ப்பாயைத்தான் தூக்கும். மே மாதத்தை நம்பவே கூடாது. நர்கீஸ் புயல் 2008 மே 2ஆம் தேதி இரவு கரையைக் கடந்து 3ஆம் தேதி யாங்கோனை அடித்தபோது, தகடுகள் தெருவில் பறந்ததை இந்த நகரத்தார் மறக்கவில்லை. மார்ச் நடுப்பகுதிக்குள் மூடி முடிக்க முடியாது என்று தெரிந்தால், பழைய கூரைக்கு ஒட்டுப்போட்டு இன்னொரு மழையைத் தாண்டவிட்டு, நவம்பரில் பிரிப்பதே நியாயம். பக்கத்து வீட்டார் இதை வற்புறுத்திக் கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு, மற்ற இடங்களைப் பார்த்துவிட்டு யாங்கோனுக்கு வரலாம். இந்தச் சிக்கல் மனிதர்கள் நகரம் கட்டத் தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. பழைய ரோமானியச் சட்டத்தில் அழகான ஏற்பாடு ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டின் நிலையாலோ வேலையாலோ தமக்குச் சேதம் வரும் என்று அஞ்சுபவர், சேதம் நேரும் முன்பே நடுவரிடம் போகலாம். வரக்கூடிய சேதத்துக்கு ஈடு தருவதாகப் பக்கத்து வீட்டுக்காரர் பிணை கொடுத்தாக வேண்டும். மறுத்தால், அவருடைய சொத்திலேயே அஞ்சியவருக்கு இடம் கொடுக்கப்படும். நெப்போலியன் காலத்தில் 1804இல் தொகுக்கப்பட்ட பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 681ஆவது பிரிவு, கூரைத் தண்ணீர் தம் நிலத்திலோ பொதுவழியிலோதான் விழ வேண்டும், அடுத்தவர் நிலத்தில் விழக் கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996இல் வந்த பொதுச்சுவர்ச் சட்டம் இன்னும் விரிவானது. பொதுச்சுவரில் கை வைக்கும் வேலைக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். பக்கத்து வீட்டார் இசையாவிட்டால் அளவையாளர்களை அமர்த்தி, வேலை எப்படி நடக்கும் என்பதை எழுதி முடிவு செய்வார்கள். அப்போது பக்கத்து வீட்டின் நிலையை அறை அறையாகப் பார்த்து, விரிசல் உட்படப் பதிந்துவைப்பது நடைமுறை. வேலையில் அடுத்தவர் கட்டடத்தின் ஏதாவது பகுதி திறந்துபோனால், அதை மூடித் தாங்கிக் காக்கும் தற்காலிக ஏற்பாட்டைச் செய்ய வேண்டியவர் வேலை செய்பவரே. பிணைப்பணம் கேட்கவும் பக்கத்து வீட்டாருக்கு உரிமை உண்டு. ரோமில் தோன்றிய எண்ணம் ஈராயிரம் ஆண்டு கழித்தும் உயிரோடு இருப்பதைப் பாருங்கள். சேதம் நேர்ந்தபின் ஈடு கேட்பது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பதை அந்தச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்திருந்தார்கள்.

தமிழ்நாட்டில் கும்பகோணம், தஞ்சாவூர் அக்கிரகாரங்களிலும் புதுச்சேரியின் தமிழர் பகுதியிலும் வீடுகள் இதே போல வரிசையாக ஒட்டி நிற்கின்றன. பத்திரங்களில் பொதுச்சுவர் என்று எழுதுவது அங்கே வழக்கம். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் அங்கே இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒரு வசதியை இருபது ஆண்டுகள் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு அனுபவித்துவந்தால் அது நிலைத்த உரிமையாகிவிடும். தாழ்வாரத் தண்ணீரும் அதில் வரக்கூடும். பக்கத்துக் கூரைத் தண்ணீர் தம் பக்கம் விழுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். புதுச்சேரி வைசியாள் வீதியில் வரிசை வீடுகளின் முகப்பையும் தாழ்வாரத்தையும் ஒரு தெரு முழுமைக்கும் சேர்த்துச் சீராக்கி, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருதைப் பெற்றார்கள். ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகப் பார்த்திருந்தால் அது நடந்திருக்காது.

யாங்கோனில் நிலைமை வேறு. கட்டட வேலைக்கு மாநகர வளர்ச்சிக் குழுவின் அனுமதி வேண்டும்; வார்டு அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஆனால் அனுமதி என்பது கட்டுபவருக்கும் நகரத்துக்கும் இடையே உள்ள காகிதம். பக்கத்து வீட்டுக் கூடத்தில் சொட்டும் தண்ணீரை அது தடுப்பதில்லை. 2016இல் வந்த கூட்டுக்குடியிருப்புச் சட்டம் குறைந்தது ஒரு ஏக்கர் நிலத்தில் எழும் கட்டடங்களுக்கே பொருந்தும். நகர நடுவில் உள்ள நமது வரிசைக் கட்டடங்கள் அந்த வரம்புக்குள் வருவதில்லை. ஆகவே பழைய கட்டடத்தின் கூரை யாருடையது என்ற கேள்விக்கே பல இடங்களில் தெளிவான பதில் இல்லை. 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சி நடந்து போனவர்கள் ஒருபுறம், 1964க்குப் பிறகு கடைகளும் நிறுவனங்களும் நாட்டுடைமையானதும் எல்லாவற்றையும் விட்டுக் கப்பலேறியவர்கள் இன்னொருபுறம். பல கட்டடங்களில் பத்திரத்தில் உள்ள பெயரும் மாடியில் குடியிருக்கும் ஆளும் ஒருவரல்ல. கூரை ஒழுகினால் மேல்மாடிக்காரர்தான் கையை விட்டுச் செலவு செய்கிறார். கீழ்மாடிக்காரருக்குத் தலைக்கு மேலே நான்கு வீடுகள் இருப்பதால் அவசரம் இல்லை. நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால், இன்றைய சூழலில் ஒரு மேற்கூரைப் பலகைக்காக அங்கே படியேறும் துணிவும் பணமும் யாருக்கு இருக்கிறது?

எனவே இரண்டு வீட்டாருக்கும் இடையே உள்ள தாள்தான் நமக்குச் சட்டம். அது ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். வேலை தொடங்கும் நாள், தகடு மூடி முடியும் நாள், மேஸ்திரியின் பெயரும் கைபேசி எண்ணும், பொதுச்சுவரில் எந்தெந்த இடத்தில் கை வைப்பார்கள் என்பது, மூடும் தகட்டை யார் போட்டுத் தருவார்கள் என்பது, சேதமானால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள் என்பது, வைக்கும் பிணைப்பணம். பர்மிய மொழியில் ஒன்றும், வேண்டுமானால் தமிழில் ஒன்றுமாக எழுதி, வார்டில் மதிப்புள்ள ஒருவரை நடுவராகக் குறித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் போதும். இதைக் கேட்பதற்கு நம்மவர்கள் கூசுகிறார்கள். “இத்தனை வருஷம் பழகிட்டு எழுதிக் கேட்டா என்ன நினைப்பாங்க” என்ற முகத்தாட்சண்யம் நமக்கும் உண்டு, பர்மியப் பக்கத்து வீட்டாருக்கும் உண்டு. எழுதாமல் விட்டதால் பேச்சு நின்றுபோன வீடுகளை நான் அறிவேன். எழுதிக் கேட்டதற்காகப் பகையான வீட்டை இதுவரை பார்க்கவில்லை.

படம் எடுப்பது அதற்கு முந்தைய வேலை. வேலை தொடங்கும் முன் பக்கத்து வீட்டுக்காரரையும் மேஸ்திரியையும் வீட்டுக்குள் அழைத்து, மேல்மாடியின் நான்கு சுவரும் மேற்கூரையும் அவர்கள் கண்ணெதிரே கைபேசியில் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள விரிசல் என்றால் அதன் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுக்கலாம். முடிந்தால் பொதுச்சுவரை ஒட்டிய மேற்கூரைப் பலகை ஒன்றைக் கழற்றி உத்திர முனைகளையும் பிடித்துவிட வேண்டும். எடுத்த படங்களை அன்றே வைபரில் அவர்களுக்கும் அனுப்பிவிட்டால், தேதியோடு இருவர் கையிலும் அதே சாட்சி. நம் வீட்டில் முன்பே இருந்த பழுதுகளையும் மறைக்காமல் காட்ட வேண்டும். நம் பழுதையும் சேர்த்து அவர்கள் தலையில் கட்டுவது நேர்மையல்ல.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவற்றில் நெருப்பையே முதலில் சொல்வேன். இப்போது பழைய தேக்குக் கைமரங்களை எடுத்துவிட்டு இரும்புச் சட்டங்களை வைப்பது பெருகிவிட்டது. அவற்றை மேலே வைத்தே வெட்டுகிறார்கள், வெல்டிங் செய்கிறார்கள். திறந்த குழி வழியாக ஒரு பொறி நம் மேற்கூரைக்குள் விழுந்தால், அங்கே நூறாண்டு உலர்ந்த மரமும் ஒட்டடையும் எலிக்கூடும் காத்திருக்கின்றன. புகை உடனே தெரியாது, இரவில்தான் தெரியும். வெல்டிங்குக்கு முன் சுவர்க்குழிகளைக் காரையால் அடைக்க வேண்டும். வெல்டிங் முடிந்தபின் ஒருமணி நேரமாவது ஒரு வாளித் தண்ணீரோடு ஓர் ஆள் மேலே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அடுத்தது சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார்த் தகடு. கல்நார் எந்த வகையானாலும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் திட்டவட்டமாகச் சொல்கிறது. ஆஸ்திரேலியா 2003 முடிவோடு அதை அடியோடு தடை செய்துவிட்டது. முழுத் தகடாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. உடைத்தாலோ, வெட்டினாலோ, மேலிருந்து எறிந்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் தூசியில் பறந்து நம் சன்னல் வழியே வரும். நன்றாக நனைத்து, உடைக்காமல் கழற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றிக் கயிற்றில் இறக்கும்படி கேட்க வேண்டும். அன்று நம் பக்கத்துச் சன்னல்களை மூடிவைத்து, மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியையும் மூடிக் கட்ட வேண்டும். குழந்தைகளை அன்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது.

உடைசலைப் பின்சந்தில் கொட்டுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கட்டடங்களின் பின்னால் ஓடும் அந்தக் குறுகிய சந்துதான் இரண்டு வரிசை வீடுகளுக்கும் வடிகால். ஓட்டுத்துண்டும் காரையும் அங்கே விழுந்தால் ஜூன் மாதத்தில் கீழ்மாடிக்காரர் வீட்டுக்குள் சாக்கடை ஏறும். மேல்மாடிக் கூரைக்காகக் கீழ்மாடி வரை சேதம் போவது இப்படித்தான்.

புதுக்கூரையின் அமைப்பையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடு தன் கனத்தாலேயே உட்கார்ந்திருக்கும்; தகடு லேசானது, காற்றுக்குத் தூக்கிக்கொள்ளும். அதைப் பிடித்திருப்பது திருகாணியும், சட்டத்தைச் சுவரோடு கட்டும் இரும்புப் பட்டையும்தான். இந்த நகரத்தில் மழைக்காற்று தென்மேற்கிலிருந்து வருவதால், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பு அந்தத் திசையைப் பார்க்காதபடி போட வேண்டும். புதுக்கூரை பழையதைவிட உயரமாகவோ செங்குத்தாகவோ போனால் நம் பக்கம் விழும் தண்ணீர் கூடும். அப்படியானால் அவர்கள் செலவில் வாய்க்கால் தகட்டை அகலமாக்கித் தர வேண்டும் என்பதை அந்தத் தாளிலேயே எழுதிவிட வேண்டும். இப்போது மின்வெட்டின் காரணமாகப் புதுக்கூரைமேல் சூரியத் தகடுகளும் ஏறுகின்றன. அவற்றின் கால்களைக் கைப்பிடிச்சுவரில் துளையிட்டு மாட்டக் கூடாது. 1930 மே மாதத்துப் பகோ நிலநடுக்கத்தில் ரங்கூனிலும் கட்டடங்கள் இடிந்து உயிர்கள் போயின. 2025 மார்ச் 28இல் சகாயிங், மண்டலே பகுதியை 7.7 அளவில் உலுக்கிய நடுக்கம் இங்கேயும் உணரப்பட்டது. தளர்ந்த கைப்பிடிச்சுவர்தான் இத்தகைய அதிர்ச்சியில் முதலில் தெருவில் விழக்கூடியது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “அவரும் ஏழைதானே, பிணைப்பணத்துக்கு எங்கே போவார்” என்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சாமான் விலை ஏறிக் கிடக்கும் இந்நாளில் கூரை மாற்றுவதே பலருக்குக் கடன்தான். ஆனால் பிணை பெரிய தொகையாக இருக்க வேண்டியதில்லை. ஒரு மூடும் தகடும் இரண்டு நாள் கொத்தனார் கூலியும் ஆகும் அளவு போதும்; அதையும் பொதுவானவர் கையில் வைக்கலாம். நம் பக்கத்துத் தகடும் பழையதென்றால், சாரம் கட்டியிருக்கும்போதே நம் செலவில் அதையும் மாற்றிக்கொள்ளலாம். இருவருக்கும் கூலி குறையும். அவர்கள் ஆட்கள் நம் கூரையில் கால் வைத்துத்தான் வேலை செய்ய முடியும் என்றால் பலகை போட்டு இடம் கொடுக்க வேண்டும். அனுமதி மறுத்து வேலையை இழுத்தடிப்பவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். பக்கத்துக் கூரை ஒழுகிக்கொண்டே கிடந்தால் ஊறுவது அதே பொதுச்சுவர்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைத் தொடங்கிவைக்கக்கூடிய இடம் நம் கையில் இருக்கிறது. நகர நடுவில் கோயில்களையும் பள்ளிவாசல்களையும் சார்ந்த அறக்கட்டளைகளுக்கு வாடகைக் கட்டடங்கள் உண்டு. நிர்வாகிகள் வரும் மழைக்காலத்திலேயே கூடி, தங்கள் கட்டடத்தில் கூரை வேலை நடந்தால் இரண்டு பக்கத்து வீட்டாருக்கும் இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிப்போம், படம் எடுப்போம், பிணை வைப்போம் என்று முடிவு செய்யட்டும். அந்தத் தாளை அச்சடித்து, கேட்கும் எவருக்கும் எந்த மதத்தவரானாலும் இலவசமாகக் கொடுக்கட்டும். தெருவில் மதிப்புள்ள அமைப்பு ஒன்று முதலில் கையெழுத்திட்டால், தனி வீட்டுக்காரர் கேட்கக் கூசமாட்டார். தாளில் ஒரு வரியை மட்டும் கட்டாயமாக்க வேண்டும்: வேலை முடிந்தவுடன் பிணைப்பணம் திரும்பாது. மழைக்காலத்தின் முதல் பெருமழைக்கு மறுநாள், இரண்டு வீட்டாரும் மேஸ்திரியும் சேர்ந்து மேலே ஏறி, குழிகளையும் காடியையும் கூடல்வாயையும் தொட்டுப் பார்த்து, கீழே வந்து கையெழுத்திட்ட பிறகே திரும்பும்.